விதைக்காத மேகத்தின் கணக்கு

மேக விதைப்பின் வரலாறு பெரும்பாலும் விமானங்களின் கதையாகவும், அவற்றிலிருந்து தூவப்பட்ட பொருள்களின் கதையாகவுமே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. உலர்பனியும் சில்வர் அயோடைடும் உப்புத் தூளும் மேகத்துளிகளை என்ன செய்கின்றன என்பது 1950களுக்குள்ளேயே ஆய்வுக்கூட அளவில் ஏறத்தாழத் தெளிவாகிவிட்டது. அதன் பின்னர் எழுபது ஆண்டுகளாக இத்துறையினரை அலைக்கழித்த கேள்வி வேறு. விதைக்கப்பட்ட ஒரு மேகம் மழை பொழிந்தால், அதே மேகம் தன் போக்கில் விடப்பட்டிருந்தால் எவ்வளவு பொழிந்திருக்கும் என்பதே அந்தக் கேள்வி. ஒரே மேகத்தை விதைத்தும் விதைக்காமலும் ஒருசேரப் பார்க்க வழியில்லாததால், விடை தேடியவர்கள் எல்லோரும் கடைசியில் முன்கணிப்பிடமே வந்து சேர்ந்தார்கள். ஆகவே செயற்கை மழை ஆராய்ச்சியின் கடந்த காலத்தை, மேகத்தின் இயல்பான வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்லக் கற்றுக்கொள்ள முயன்ற காலமாகப் படிப்பதே பொருத்தமாக இருக்கும்.

இந்தச் சிக்கல் எல்லா மேகங்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. வானில் பாய் விரித்தாற்போல் பரவி நிற்கும் படலை மேகங்கள் மெல்ல மாறுபவை; அவற்றில் விதைத்த தடத்தையும் விதைக்காத பரப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைகளின் மீது குளிர்கால மேகங்களில் சில்வர் அயோடைடு தூவப்பட்டபோது, விமானம் பறந்த கோடுகள் அப்படியே பனிப்பொழிவுத் தடங்களாக ரேடார் திரையில் தெரிந்தது இதனால்தான். வெப்பச்சலன மேகத்தின் இயல்பு அப்படிப்பட்டதன்று. தரையருகே சூடேறிய காற்று இலேசாகி மேலெழுந்து, உயரத்தில் குளிர்ந்து, தன்னிடமுள்ள நீராவியைத் துளிகளாக்குகிறது. நீராவி துளியாக மாறும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் அந்தக் காற்றை மேலும் இலேசாக்கி மேலே தள்ள, ஒரு மணி நேரத்துக்குள் மேகம் பிறந்து, வளர்ந்து, கொட்டி, கலைந்தும் விடுகிறது. ஒரே வட்டாரத்தில், ஒரே வேளையில் முளைத்த இத்தகைய இரண்டு திரள் மேகங்களில் ஒன்று சுவடில்லாமல் கரைவதும், மற்றொன்று பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓங்கி இடிமழையாவதும் அன்றாட நிகழ்ச்சி. பக்கத்து ஊரில் வெளுத்து வாங்கிய கோடை மழை தன் ஊரில் ஒரு தூறலும் போடாததைக் கண்ட தமிழக உழவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விதைப்பின் தொடக்கம் படலை மேகத்தில்தான் நிகழ்ந்தது. பூச்சியம் பாகைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே நிற்கும் துளிகளுக்கு மீக்குளிர்ந்த நீர் என்று பெயர். அத்தகைய துளிகளுக்கிடையே பனிப்படிகம் ஒன்று தோன்றினால், துளிகள் ஆவியாகி அந்த ஆவி படிகத்தின்மேல் படிய, படிகம் விரைவில் பருத்து விழத் தொடங்கும் என்பதை சுவீடன் நாட்டு வானிலையியலாளர் டோர் பெர்கெரான் 1930களில் விளக்கியிருந்தார்; ஜெர்மானியரான வால்டர் ஃபின்டைசன் அதை விரிவுபடுத்தினார். 1946ஆம் ஆண்டு ஜூலையில், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில், உறைபெட்டிக்குள் மூச்சுக்காற்றால் உண்டாக்கிய மேகத்தில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனித் துண்டை, அதாவது திண்மமான கார்பன் டையாக்சைடை, இட்டபோது கோடிக்கணக்கான பனிப்படிகங்கள் மின்னின. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து மலைப்பகுதியின் மீது விமானத்திலிருந்து உலர்பனியைத் தூவி, மேகத்தின் அடியிலிருந்து பனி இறங்குவதை அவர் கண்டார். மறுநாளே அவருடைய சகா பெர்னார்ட் வானெகட், பனிப்படிகத்தின் அணுவடுக்கை ஒத்த அடுக்கமைப்புள்ள சில்வர் அயோடைடு அதே வேலையைச் செய்யும் என்று காட்டினார்.

அவ்விருவருக்கும் மேலதிகாரியாக இருந்த இர்விங் லாங்மியூர் வேதியியலில் நோபல் பரிசு பெற்றவர். சான்று கேட்கும் பழக்கத்தில் ஊறியிருக்க வேண்டிய அவர், இந்தக் கண்டுபிடிப்பைக் கண்ட மகிழ்ச்சியில் அதன் எல்லையை மறந்தார் என்றே சொல்ல வேண்டும். 1947 அக்டோபர் 13 அன்று, இராணுவத்தின் துணையோடு நடந்த சிர்ரஸ் திட்டத்தின் விமானங்கள் அட்லாண்டிக் கடலில் வெளியே நகர்ந்துகொண்டிருந்த ஒரு சூறாவளியில் ஏறத்தாழ 80 கிலோ உலர்பனியைக் கொட்டின. புயல் திரும்பி ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகர்ப்பகுதியைத் தாக்கியது. விதைப்பே புயலைத் திருப்பியது என்று லாங்மியூர் நம்பினார். விதைப்பதற்கு முன்பே புயலின் திசை மாறத் தொடங்கிவிட்டது என்பது பின்னர் தரவுகளிலிருந்து தெரியவந்தது. பின்பு நியூ மெக்ஸிகோவில் வாரத்துக்கு ஒரு முறை சில்வர் அயோடைடைப் புகையாக விடச் செய்து, தொலைவிலுள்ள மாநிலங்களின் மழையிலும் ஏழு நாள் தாளம் தென்படுவதாக அவர் வாதிட்டபோது, அத்தகைய தாளம் இயற்கையிலேயே அவ்வப்போது தோன்றி மறைவதுண்டு என்று வானிலைத் துறையினர் மறுத்தார்கள். இயல்பான மழை எப்படியிருந்திருக்கும் என்பதை ஒருவராலும் சொல்ல முடியாத நிலையில், வாதம் முடிவுக்கு வர இடமே இருக்கவில்லை.

திரள் மேகத்தில் முதற்சான்று வேறு கண்டத்திலிருந்து வந்தது. 1947 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் க்ராஸ், ஸ்குவயர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் உலர்பனி இட்ட மேகங்களுள் ஒன்று, சுற்றிலுமிருந்த மேகங்களையெல்லாம் தாண்டிச் சீறி எழுந்து மழை பொழிந்தது. அங்கே பனிப்படிகம் மழைத்துளியை உருவாக்கியதோடு நிற்கவில்லை. மீக்குளிர்ந்த நீர் உறையும்போது ஒவ்வொரு கிராமுக்கும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுவதால், மேகத்தின் உள்ளே இருந்த காற்று மேலும் சூடேறி மேகமே உயரமாகிவிட்டது. துளியை மட்டும் பெரிதாக்கும் முறை நிலை விதைப்பு என்றும், மேகத்தின் வளர்ச்சியையே தூண்டும் முறை இயக்க விதைப்பு என்றும் பின்னாளில் பெயர் பெற்றன. ஆனால் அந்த ஒரு மேகம் தானாகவே சீறி எழும் மேகமாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஐயத்துக்கு அப்போது விடையில்லை.

விடைக்கான அடித்தளம் விதைப்போடு தொடர்பில்லாத இரண்டு ஆய்வுகளில் இடப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1946இல் ஃப்ளோரிடாவிலும் 1947இல் ஒஹாயோவிலும், ஹொரஸ் பையர்ஸ் தலைமையில் இடிமழைத் திட்டம் என்ற பெரும் ஆய்வு நடந்தது. போரில் பயன்பட்ட பி-61 ரக விமானங்கள் வெவ்வேறு உயரங்களில் ஒரே இடிமேகத்தைத் துளைத்துப் பறந்தன. விமானிகளின் துணிவால் கிடைத்த அளவீடுகளிலிருந்து, இடிமேகம் மேலெழு காற்று மட்டுமே உள்ள இளம்பருவம், மேலெழு காற்றும் கீழிறங்கு காற்றும் சேர்ந்திருக்கும் முதிர்பருவம், கீழிறங்கு காற்று மட்டும் எஞ்சும் தேய்பருவம் என்ற மூன்று நிலைகளைக் கடக்கிறது என்று பையர்ஸும் ராஸ்கோ பிரஹாமும் காட்டினார்கள். மற்றோர் ஆய்வு, 1947இல் ஹென்றி ஸ்டோமெல் என்ற கடலியலாளர் எழுதிய சிறு கட்டுரை. மேகத்துக்குள் ஏறும் காற்றை உறைக்குள் அடைபட்ட பொட்டலமாகக் கருதி, பலூனில் அனுப்பிய கருவி தந்த வெப்பநிலைகளோடு ஒப்பிட்டு மேகத்தின் உச்சியைக் கணிப்பதே அதுவரை இருந்த வழக்கம். அப்படிக் கணித்த உயரம் உண்மையான உயரத்தைவிட எப்போதும் கூடுதலாகவே வந்தது. மேகம் ஏறும் வழியெல்லாம் வெளியிலுள்ள வறண்ட காற்றை உள்ளே இழுத்துக் கலந்துகொண்டு வலுவிழக்கிறது என்பதை ஸ்டோமெல் எளிய கணக்கால் மெய்ப்பித்தார். அந்த உட்கலப்பின் அளவு தெரிந்தால் மேகத்தின் உச்சியையும் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது.

அந்த நம்பிக்கையைத் தம் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் ஜோன் சிம்ப்சன். மால்கஸ் என்ற பெயரில் 1949இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், அமெரிக்காவில் வானிலையியலில் அப்பட்டம் பெற்ற முதல் பெண். வெப்பமண்டலத்துத் திரள் மேகங்களைப் பெரிய ஆய்வுப்பொருளாகப் பலர் கருதாத காலத்தில், அவற்றின் உள்ளே பறந்து அளந்தும், அவற்றின் படங்களைக் கொண்டு கணக்கிட்டும் வந்தவர். பருத்த மேகத்தின் நடுப்பகுதி வெளிக்காற்றின் கலப்பிலிருந்து காக்கப்படுவதால் உயர ஏறும். மெலிந்த மேகம் விரைவில் நீர்த்துப்போகும். ஆகவே உட்கலப்பு மேகத்தின் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்ற கருத்தைக் கொண்டு, அவரும் சகாக்களும் கணினியில் ஓடக்கூடிய ஒற்றைப் பரிமாண மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். ஒற்றைப் பரிமாணம் என்பது, மேகத்தின் அகல நீளங்களை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் கணக்கில் கொள்வது.

அந்த மாதிரியின் சிறப்பு, அதை இரண்டு முறை ஓட்டியதில் இருந்தது. அன்றைய காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், மேகத்தின் ஆரம் ஆகியவற்றைக் கொடுத்து, தன் போக்கில் விடப்பட்ட மேகம் எந்த உயரம் வரை ஏறும் என்று முதலில் கணிப்பார்கள். அடுத்து, மீக்குளிர்ந்த நீர் விதைப்பால் முன்கூட்டியே உறைந்து வெப்பத்தை வெளிவிடுவதாகக் கொண்டு அதே மேகத்தின் உச்சியை மறுபடியும் கணிப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அம்மேகத்தின் விதையேற்புத் திறன் எனப்பட்டது. காற்றுமண்டலம் மிகவும் நிலையின்றி இருக்கும் நாளில் மேகம் தானாகவே உச்சிக்குப் போய்விடும் என்பதால் இந்தத் திறன் பூச்சியத்தை நெருங்கும். மேலே கனத்த வெப்பக்காற்றுப் படலம் மூடியிட்டிருக்கும் நாளில் எவ்வளவு விதைத்தாலும் அதைத் துளைக்க முடியாது என்பதால் அப்போதும் பூச்சியமே. இரண்டுக்கும் நடுவிலுள்ள நாள்களில், கொஞ்சம் கூடுதல் வெப்பம் கிடைத்தால் மூடியைத் துளைத்துவிடக்கூடிய மேகங்களில் மட்டுமே விதைப்பு பயன் தரும் என்று மாதிரி சொன்னது. மழை வேண்டும் என்ற விருப்பத்துக்கும் மேகம் இணங்கும் நாளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பது இப்படித்தான் முதன்முதலில் எண்ணாக வெளிப்பட்டது.

1963 ஆகஸ்டில், சூறாவளிகளை ஆராய்ந்த ஸ்டார்ம்ஃப்யூரி திட்டத்தின் பகுதியாகக் கரீபியக் கடலின் மேல் சில திரள் மேகங்கள் விதைக்கப்பட்டு, அவற்றுள் சில பெரிதாக எழுந்தன. 1965இல் முறையான சோதனை நடந்தது. விமானம் தகுந்த மேகத்தைத் தேர்ந்த பின்னர், விதைப்பதா வேண்டாமா என்பதை முத்திரையிட்ட உறையைப் பிரித்துப் பார்த்தே முடிவு செய்தார்கள். தேர்ந்தெடுப்பவரின் விருப்பு வெறுப்பு நுழையாமல் குலுக்கல்போல் தீர்மானிக்கும் இம்முறைக்குச் சமவாய்ப்பு முறை என்று பெயர். 23 மேகங்களில் 14 விதைக்கப்பட்டன, 9 விடப்பட்டன; விதைத்தவை விடப்பட்டவற்றைவிடச் சராசரியாக 1.6 கிலோமீட்டர் கூடுதலாக வளர்ந்தன. அதைவிட முக்கியமானது வரைபடத்தில் தெரிந்தது. முன்கணித்த விதையேற்புத் திறனை ஓர் அச்சிலும், உண்மையில் நேர்ந்த கூடுதல் வளர்ச்சியை மற்றோர் அச்சிலும் வைத்துக் குறித்தபோது, விதைத்த மேகங்களின் புள்ளிகள் சாய்வான கோட்டை ஒட்டியும், விதைக்காத மேகங்களின் புள்ளிகள் பூச்சியக் கோட்டை ஒட்டியும் நின்றன. மேக விதைப்பின் வரலாற்றில் முன்கணிப்பும் சோதனையும் இவ்வளவு அழகாகக் கைகோத்த தருணம் அதற்கு முன் இருந்ததில்லை.

சோதனை 1968 மே மாதத்தில் தெற்கு ஃப்ளோரிடாவுக்கு மாறியது. அங்கே மேகத்தின் உயரத்தோடு மழையையும் ரேடாரால் அளக்க முடிந்தது. 1968, 1970 ஆகிய ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விதைத்த தனி மேகங்கள் விதைக்காதவற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் மழை தந்ததாகக் கணக்கு வந்தது. ஆனால் தனி மேகத்தின் மழை நிலத்துக்குப் போதுமானதன்று. அருகருகே வளரும் மேகங்கள் ஒன்றோடொன்று இணையும்போது மழை பத்து மடங்குக்கும் மேல் பெருகுவதை சிம்ப்சனும் வில்லியம் உட்லியும் கண்டிருந்தார்கள். எனவே பல மேகங்களை ஒருசேர விதைத்து அவற்றை இணையத் தூண்டினால், ஒரு வட்டாரத்தின் மொத்த மழையையே கூட்டலாம் என்ற எண்ணத்தில், ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஃப்ளோரிடா வட்டாரத் திரள்மேகச் சோதனை தொடங்கியது. விதைப்புக்கு உரிய நாளைத் தேர்வதற்கும் ஒரு சூத்திரம் இருந்தது: மாதிரி தந்த விதையேற்புத் திறனிலிருந்து, காலையிலேயே ரேடாரில் மழை எதிரொலி தெரிந்த மணிகளின் எண்ணிக்கையைக் கழிப்பார்கள்; இயற்கையே மழைக்கு ஆயத்தமாகிவிட்ட நாள்கள் இதனால் விலக்கப்பட்டன.

1970 முதல் 1976 வரை நடந்த முதற்கட்டத்தில் மழை கூடியதற்கான அறிகுறிகள் கிடைத்தன. அவற்றை உறுதிப்படுத்தவென்றே, என்ன ஆராயப்படும், எப்படி ஆராயப்படும் என்பதை முன்னதாக அறிவித்துவிட்டு, 1978 முதல் 1980 வரை இரண்டாம் கட்டம் நடத்தப்பட்டது. அது முதற்கட்டத்தின் முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஃப்ளோரிடாவின் இரு கரைகளிலிருந்தும் பகல் வேளையில் உள்நோக்கி வீசும் கடற்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் மேகங்கள் தாமாகவே குவிகின்றன. அந்தச் சந்திப்பு நாளுக்கு நாள் மாறுவதால் மழையும் பெரிதாக மாறுகிறது. விதைப்பால் கூடக்கூடிய மழை அந்த இயல்பான ஏற்றத்தாழ்வுக்குள் மூழ்கிப்போனது. தனி மேகத்தின் உச்சியைச் சொல்லத் தெரிந்த மாதிரிக்கு, ஒரு வட்டாரத்தில் எத்தனை மேகங்கள் எங்கே முளைக்கும் என்பதைச் சொல்லத் தெரியவில்லை. முடிவு தமக்குப் பாதகமானது என்று தெரிந்தும் அதை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களின் நேர்மை, இத்துறையின் மிக உயர்ந்த செயல்களுள் ஒன்றாகக் கருதத்தக்கது. சிம்ப்சன் பின்னாளில் நாசாவுக்குச் சென்று, வெப்பமண்டல மழையை விண்ணிலிருந்து ரேடாரால் அளந்த டிஆர்எம்எம் செயற்கைக்கோள் 1997இல் ஏவப்படுவதற்குப் பெரும் பங்காற்றினார்.

ஃப்ளோரிடாவின் அனுபவம் தனித்ததன்று. 1960 முதல் 1964 வரை மிசௌரி மாநிலத்தில் பிரஹாம் நடத்திய வொயிட்டாப் சோதனையில், விதைத்த நாள்களில் மழை குறைந்தே காணப்பட்டது. அங்குள்ள கோடை மேகங்களில் பனி இயற்கையாகவே நிறைந்திருந்ததால் மேலும் படிகங்களைச் சேர்ப்பதற்குத் தேவையே இருக்கவில்லை. இஸ்ரேலில் 1961 முதல் 1967 வரையிலும் 1969 முதல் 1975 வரையிலும் குளிர்காலத்து வெப்பச்சலன மேகங்களில் நடந்த இரண்டு சோதனைகள் நெடுங்காலம் இத்துறையின் பெருமையாகப் போற்றப்பட்டன. 1995இல் ராங்னோ, ஹாப்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளை மறுபடியும் ஆராய்ந்து, விதைக்கப்பட்ட நாள்கள் தற்செயலாகவே மழை மிகுந்த நாள்களாக அமைந்துவிட்டதைச் சுட்டினர். 2013 முதல் 2020 வரை அங்கே நடந்த நான்காம் சோதனையில் மழை 1.8 சதவீதமே கூடியதாகத் தெரிந்தது, அதுவும் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. தென்னாப்பிரிக்காவில் விதைப்புச் சோதனைகளுக்குத் துணையாக, ரேடார் திரையில் தெரியும் ஒவ்வொரு இடிமேகத்தையும் அடையாளம் கண்டு, தொடர்ந்து, அடுத்த அரை மணி நேரத்தில் அது எங்கே போகும் என்று சொல்லும் டைட்டன் என்ற மென்பொருள் உருவானது. விதைத்த மேகத்தையும் விதைக்காத மேகத்தையும் ஒப்பிடுவதற்காகப் பிறந்த அது, இன்று விதைப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத உடனடி வானிலை அறிவிப்புகளுக்கும் பல நாடுகளில் பயன்படுகிறது.

இந்தியாவின் பருவமழை மேகங்களில் பெரும்பகுதி உறைநிலைக்குக் கீழே போகாத வெப்ப மேகங்கள் என்பதால், இங்கே தொடக்கத்திலிருந்தே உப்புத் தூளுக்கு முதலிடம் கிடைத்தது. உப்புத் துகள் நீரை ஈர்த்துப் பெரிய துளியாகி, சிறு துளிகளோடு மோதி அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மழைத்துளியாக வளரும். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 1973க்கும் 1986க்கும் இடையே பதினொரு பருவமழைக் காலங்களில், மகாராஷ்டிரத்தின் பாராமதி வட்டாரத்தில் 160 நாள்கள் நடத்திய சோதனை உலக அளவில் நீண்டவற்றுள் ஒன்று. சோதனைப் பரப்பை இரு பகுதிகளாகவும் நடுவே விதைக்கப்படாத இடைப்பகுதியாகவும் பிரித்து, குலுக்கல் முறையில் ஒரு நாள் ஒரு பகுதியும் மற்றொரு நாள் மறு பகுதியும் விதைக்கப்பட்டன; விதைக்காத பகுதியின் மழையே, விதைத்த பகுதியில் இயல்பாகப் பெய்திருக்கக்கூடிய மழைக்கு அளவுகோலாக வைக்கப்பட்டது. மழை 24 சதவீதம் கூடியதாக முடிவு வந்தது. 1970களில் சென்னையை அடுத்த திருவள்ளூர்ப் பகுதியிலும் அந்நிறுவனம் இத்தகைய சோதனைகளை நடத்தியது.

தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் வறட்சி ஆண்டுகளில் அரசுகள் மேற்கொண்ட விதைப்புகளை இந்தச் சோதனைகளோடு சேர்த்து எண்ணக் கூடாது. 1983இலும் 1984 முதல் 1987 வரையிலும் 1993–94இலும் தமிழகத்தில் அப்படிப்பட்ட முயற்சிகள் நடந்தன. ஏரி வறண்டு, குடிநீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊரில், தகுந்த மேகங்களில் பாதியை ஒப்பீட்டுக்காக விதைக்காமல் விடுங்கள் என்று எந்த அரசிடமும் கேட்க முடியாது. கேட்காததால், பெய்த மழையில் விதைப்பின் பங்கு எவ்வளவு என்று சொல்லவும் முடியாது. அதோடு, வறட்சி ஆண்டின் வானில் விதையேற்புத் திறனுள்ள மேகங்கள் அரிதாகவே கிடைக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புணே நிறுவனம் 2009இல் தொடங்கிய கெய்பீக்ஸ் என்ற மேக ஆய்வுத் திட்டத்தின் நான்காம் கட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் சோலாப்பூரில் 2018, 2019 ஆகிய இரண்டு பருவமழைக் காலங்களில் விதைப்புச் சோதனையாக நடந்தது. விதைப்பதற்கு ஒரு விமானமும் மேகத்தின் உள்ளே அளப்பதற்கு மற்றொரு விமானமும், சோலாப்பூரில் நிறுவிய ரேடாரும், தரையில் மழைமானிகளின் வலையமைப்பும் சேர்ந்து இயங்கின. மேலெழு காற்றும் திரவ நீரும் போதிய அளவுக்கு இருந்த 276 வெப்பச்சலன மேகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, விதைக்க வேண்டியவை சமவாய்ப்பு முறையில் முடிவு செய்யப்பட்டன. வெப்ப மேகங்களின் அடிப்பகுதியில் கால்சியம் குளோரைடு கலந்த மத்தாப்புகளும், உயர்ந்த குளிர் மேகங்களில் சில்வர் அயோடைடும் எரிக்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, விதைத்த இடத்திலிருந்து காற்று வீசும் திசையில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை சராசரியாக 18 சதவீதமும், சில இடங்களில் 46 சதவீதம் வரையும் கூடியிருந்தது. அதே முடிவு, திரள் மேகங்கள் எல்லாமே விதைப்புக்கு இணங்குவதில்லை என்பதையும் எடுத்துக் காட்டியது. எந்த மேகம் இணங்கும் என்பதை அது முளைக்கும் முன்பே சொல்வதற்காக, உயர்ந்த துல்லியமுள்ள எண்முறை மாதிரிகளைக் கொண்டு அந்த 276 மேகங்களின் பதிவுகள் இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன.